உபரி நீர்: அளப்பவர் யார், அடைபவர் யார்?

(எல்லைப்பகுதித் தமிழ்த் தோழர்களுக்காக மூணாறில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அண்டை நீரமைப்புகளுக்கு இடையே உபரி நிலத்தடி நீரைக் கொண்டுசெல்லும் வழிகளை மதிப்பிடுவது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பொறியாளர்களுக்கு உரிய தலைப்பைப் போலத் தோன்றினாலும், இந்த மலையில் வாழ்வோருக்கு இது அன்றாடக் கேள்வி. மூணாறில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மிகுதியாக மழை பொழிகிறது. இங்கிருந்து சாலைவழியே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனால் மறையூர். அதற்கு அப்பால் சின்னாறு. அது மழைமறைவுப் பகுதி. முள்மரங்களும் வறண்ட பாறைகளும் நிறைந்த நிலம். இங்குள்ள முதிரப்புழையாறு பெரியாற்றில் சேர்ந்து மேற்கே அரபிக் கடலுக்குப் போகிறது. மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறோ அமராவதியில் சேர்ந்து, காவிரியோடு கலந்து கிழக்குக் கடலை நோக்கிப் போகிறது. இரண்டு நீரமைப்புகளுக்கும் நடுவே நிற்பது ஒரு மலைமுகடு. ஆனைமலைக்கு அப்பால், பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் மழைமறைவின் இதே துயரம்தான்.

இங்கே ஊறிக் கிடக்கும் நீரை அங்கே கொண்டுபோனால் என்ன என்று உழவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றால் "எங்கள் உரிமை" என்றும், இந்தப் பக்கம் நின்றால் "ஒரு சொட்டும் தர இயலாது" என்றும் சொல்லிவிட்டுப் போவது எளிது. இரு மாநிலங்களிலும் ஒரே கொடியின் கீழ் நிற்கும் ஓர் அனைத்திந்தியக் கட்சிக்கு அந்த எளிமை வாய்க்கவில்லை. எனவே முழக்கத்தை ஒதுக்கிவைத்து, கணக்கைக் கையில் எடுப்போம்.

'உபரி' என்ற சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். மொழிபெயர்ப்புப் பணியில் நான் மிகுதியாக எழுதிய சொற்களுள் ஒன்று 'உபரி'. உபரி மதிப்பு என்று நாம் சொல்லும்போது, உழைப்பாளி தன் வாழ்க்கைத் தேவைக்கு ஈடானதைப் படைத்த பிறகும் தொடர்ந்து உழைத்துப் படைப்பதைக் குறிக்கிறோம். அங்கே தேவை எது என்பது முதலில் தீர்மானிக்கப்படுகிறது. அதற்கு மேற்பட்டதே உபரி. தேவையைக் குறைத்து எழுதினால் உபரி தானாகவே பெருகிவிடும் என்பதைக் கூலிப் பேச்சுவார்த்தையில் அமர்ந்த ஒவ்வொரு தோட்டத் தொழிலாளியும் அறிவார்.

கேரளத் தோழர்களுக்கு இதே பொருளில் 'மிச்சம்' என்ற சொல் நன்கு பழகியது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தை ஒட்டி எழுந்தது மிச்சபூமிப் போராட்டம். தோழர் ஏ.கே.கோபாலன் அதன் முன்னணியில் நின்றார். அங்கே மிச்சம் என்பது எவரும் கைகாட்டிச் சொன்ன நிலமன்று. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று சட்டம் உச்சவரம்பை வகுத்தது, நிலத்தை அளந்தார்கள், வரம்புக்கு மேற்பட்டதை மிச்சம் என்று அறிவித்தார்கள், அது யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் சட்டமே சொன்னது. அந்த உச்சவரம்பிலிருந்து தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது என்பதையும், பின்னர் கண்ணன் தேவன் மலைகள் நில மீட்புச் சட்டம் 1971இல் தனியே இயற்றப்பட வேண்டியிருந்தது என்பதையும் மூணாறில் இருந்துகொண்டு மறக்க இயலாது.

ஆக, நிலத்தில் உபரியைக் காண நான்கு படிகள் தேவைப்பட்டன: தேவையை வரையறுத்தல், அளத்தல், அறிவித்தல், பங்கிடல். நீரில் உபரி என்று பேசுவோர் முதல் மூன்று படிகளையும் தாண்டி நேரே நான்காம் படியில் ஏறி நிற்கிறார்கள். இந்த உரையில் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். மற்றவை எல்லாம் இதன் விளக்கங்களே.

நிலத்தடி நீரின் கணக்கு எப்படி எழுதப்படுகிறது?

நாட்டின் நிலத்தடி நீரை மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநிலத் துறைகளும் சேர்ந்து மதிப்பிடுகின்றன. இப்போது பின்பற்றப்படுவது 2015ஆம் ஆண்டின் மதிப்பீட்டு முறை. ஓர் ஆண்டில் மழையாலும் கால்வாய்களாலும் குளங்களாலும் நிலத்துக்குள் இறங்கும் நீரைக் கூட்டுகிறார்கள். அதில் 5 அல்லது 10 விழுக்காட்டை இயற்கை வெளியேற்றம் என்று கழிக்கிறார்கள். மீதமுள்ளது எடுக்கத்தக்க நீர். அதில் 70 விழுக்காடு வரை எடுக்கப்பட்டால் அந்த வட்டாரம் 'பாதுகாப்பானது'; 90 வரை 'ஓரளவு நெருக்கடி'; 100 வரை 'நெருக்கடி'; அதற்கு மேல் 'மிகைப் பயன்பாடு'.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களை நாம் உற்று நோக்க வேண்டும்.

முதலாவது, அந்த 5 அல்லது 10 விழுக்காடு. இயற்கை வெளியேற்றம் என்று ஒரு வரியில் கழிக்கப்படும் அந்த நீர் என்ன ஆகிறது? சரிவுகளில் ஊற்றாகக் கசிந்து, ஓடைகளைக் கூடி, கோடையில் ஆற்றை ஓடவைக்கிறது. மழை நின்று மூன்று மாதங்களுக்குப் பிறகும் ஓர் ஆறு ஓடுகிறதென்றால் அது நிலத்தடி நீரின் ஓட்டமே. நிலத்தடி நீர், ஆற்று நீர் என்று அலுவலகங்கள் இரண்டாக இருக்கலாம், கோப்புகளும் இரண்டாக இருக்கலாம், நீர் ஒன்றுதான். மேலே ஆழ்துளைக் கிணற்றில் 'உபரி' என்று எடுக்கப்படும் நீர், கீழே ஆற்றில் குறையாகத் தோன்றும். அந்தக் குறை உடனே தெரியாது. சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்துத் தெரியும். அதற்குள் திட்டத்தின் திறப்பு விழா முடிந்திருக்கும்.

இரண்டாவது, நம் மலைக்கே உரிய செய்தி. 20 விழுக்காட்டுக்கு மேல் சரிவுள்ள மலைநிலங்கள் இந்த மதிப்பீட்டிலிருந்தே விலக்கப்படுகின்றன. அங்கே நீர் தங்காமல் வழிந்துவிடும் என்பது அதற்குக் காரணம். அப்படியென்றால் மூணாறைச் சுற்றியுள்ள செங்குத்துச் சரிவுகளின் பெரும்பகுதி கணக்கேட்டிலேயே இல்லை. கணக்கில் ஏறாத நிலத்தில் உபரி எங்கிருந்து வரும்? ஏடே இல்லாத கடையில் இலாபம் காட்டுவதைப் போன்றது அது.

பாறை எவ்வளவு தரும்?

நிலத்தடி நீர் என்றதும் பூமிக்கடியில் ஒரு பெரிய ஏரி இருப்பதைப் போன்ற எண்ணம் பலருக்கும் உண்டு. ஆற்றுப்படுகையின் மணலில் அது ஓரளவு பொருந்தும். மணல் நிறைந்த வண்டல் நிலம் தன் கொள்ளளவில் 16 விழுக்காடு வரை நீரை விட்டுக்கொடுக்கும் என்று மதிப்பீட்டு முறை கொள்கிறது. நம் மலைகளோ கருங்கல்லும் நைஸ் பாறையும். அவற்றின் சிதைந்த மேலடுக்கு விட்டுக்கொடுப்பது 1.5 முதல் 3 விழுக்காடு வரைதான். சிதையாத பாறையில் வெடிப்புகளில் மட்டுமே நீர் இருக்கும்.

இதைக் கொண்டு ஓர் எளிய கணக்குப் போடுவோம். 1 டிஎம்சி என்பது 2.83 கோடி கன மீட்டர். பாறை 2 விழுக்காடு நீரைத் தருகிறது என்று கொண்டால், 1 டிஎம்சி எடுக்க ஏறத்தாழ 1,400 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் நீர்மட்டத்தை ஒரு மீட்டர் கீழே இறக்க வேண்டும். அது இடுக்கி மாவட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவு. காவிரி வழக்கிலும் பெரியாற்று வழக்கிலும் டிஎம்சி என்ற சொல்லை நாம் சில்லறைக் காசைப் போலப் புழங்கிப் பழகிவிட்டோம். பாறைக்குள்ளிருந்து ஒரு டிஎம்சியை உருவுவது என்றால் என்ன என்பதை இந்த எண் காட்டும். ஒரு மீட்டர்தானே என்று எண்ணலாம். மலையாளத் தோழர்கள் 'ஓலி' என்று அழைக்கும் ஊற்றுக்குழிகளின் ஆழமே பல இடங்களில் அவ்வளவுதான். மழை மலிந்த இந்த மலையிலும் மார்ச், ஏப்ரலில் ஊற்று வற்றினால் குடத்தோடு நடப்பவர்கள் லயத்துப் பெண்கள்.

வீணாகிறது என்று சொல்லப்படும் நீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதிரப்புழையாற்று நீர் 1940இல் தொடங்கிய பள்ளிவாசலில் மின்சாரமாகிறது. செங்குளத்தில் மீண்டும் மின்சாரமாகிறது. பெரியாற்றில் சேர்ந்து ஆலுவாவில் எடுக்கப்பட்டுக் கொச்சி மக்களின் குடிநீராகிறது. கோடையில் கடலின் உப்பு ஆற்றுக்குள் ஏறாமல் தடுத்து நிற்கிறது. பம்பா, அச்சன்கோவில் ஆறுகளின் 'உபரி' என்று 63.4 கோடி கன மீட்டர் நீரைத் தமிழ்நாட்டின் வைப்பாற்றுக்குத் திருப்பத் தேசிய நீர் மேம்பாட்டு முகமை முன்வைத்த திட்டத்தைக் கேரளம் எதிர்ப்பதன் அடிப்படையும் இதுதான். ஆண்டுச் சராசரியில் உபரி இருக்கலாம். குட்டநாட்டின் வயல்களுக்குள் உப்பு ஏறும் கோடை மாதங்களில் உபரி இல்லை. சராசரி எண்ணை வைத்துக் கோடையில் எவரும் குளிக்க முடியாது.

நான்கு வழிகள்

இனி வழிகளைப் பார்ப்போம். நிலத்தடி நீரை ஒரு நீரமைப்பிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல உலகெங்கும் கையாளப்பட்டுள்ள முறைகளை நான்காகப் பகுக்கலாம்.

முதல் வழி, கிணறுகளைத் தோண்டி இறைத்து, குழாயில் அனுப்புவது. இதன் வரலாறு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னைக்கு வடக்கே ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் படுகைகளில் 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் போயிற்று. மீஞ்சூர்ப் பக்கத்தில் நன்னீர் இறங்க இறங்க, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறியது. உழவர்களின் கிணறுகள் உவர்த்தன. 2010இல் அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நன்னீரை எடுத்த இடத்திலேயே கடல்நீரைக் காய்ச்சாத குறையாக வடிகட்டிக் குடிக்கும் நிலை வந்தது.

நெய்வேலியின் நிலை சற்று வேறு. பழுப்பு நிலக்கரியின் அடியிலுள்ள நீர்த்தாங்கி மேல்நோக்கி அழுத்துவதால், சுரங்கத்தைக் காக்க இடையறாமல் நீர் இறைக்கப்படுகிறது. அந்தப் பகுதியின் நீர் வறட்சிக் காலங்களில் வீராணம் குழாய்வழியே சென்னைக்கும் போயிருக்கிறது. எப்படியும் இறைக்கப்படும் நீரைப் பயன்படுத்துவது என்ற அளவில் அதற்கு நியாயம் உண்டு. எனினும் சுற்றுவட்டக் கிராமங்களின் கிணறுகள் இறங்கியதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி தீரவில்லை. அமெரிக்காவில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்றை 1913இல் கொண்டுசென்ற லாஸ் ஏஞ்சலிஸ் நகரம், 1970இல் இரண்டாவது கால்வாயைக் கட்டி நிலத்தடி நீரையும் இறைத்தது. பள்ளத்தாக்கின் ஊற்றுகள் வறண்டன. நெடிய வழக்குகளுக்குப் பின் 1991இல்தான் ஓர் உடன்பாடு உருவாயிற்று.

மலையில் இந்த வழிக்கு மற்றொரு விலையும் உண்டு. 1 டிஎம்சி நீரை 100 மீட்டர் உயர்த்த, இயந்திர இழப்பையும் சேர்த்து, ஒரு கோடி அலகுக்கு மேல் மின்சாரம் வேண்டும். கீழே போயிருந்தால் பள்ளிவாசலில் மின்சாரம் தந்திருக்கும் நீரை, மின்சாரம் செலவழித்து முகட்டுக்கு ஏற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, சுரங்கவாய்க்கால். இறைக்கும் செலவில்லை, நீர் தானே ஓடும். வரைபடத்தில் இதுவே மிக அழகான வழி. இதன் ஆபத்தை இலங்கையின் ஊவா மாகாணத்தில் காணலாம். மகாவலியின் கிளையான உமா ஓயாவின் நீரைத் தென்கிழக்கின் வறண்ட நிலத்துக்குக் கிரிந்தி ஓயாப் படுகைவழியே கொண்டுசெல்லும் திட்டம் அது. 2014 டிசம்பரில் பண்டாரவளைப் பகுதியின் அடியில் சுரங்கம் குடையப்பட்டபோது பாறை வெடிப்புகளின்வழியே நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வறண்டன. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் பிளந்தன. 2017இல் பண்டாரவளையில் மக்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினர். திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. நம்மைப் போலவே தேயிலை மலையில் வாழும் மலையகத் தமிழர்களும் சிங்கள உழவர்களும் சேர்ந்து இழந்த நீர் அது. ஆற்று நீரைக் கொண்டுசெல்ல வெட்டிய சுரங்கம், எவரும் கேட்காத நிலத்தடி நீரையும் சேர்த்து வடித்தது. வெடிப்புகள் மிகுந்த பாறையில் சுரங்கம் என்பது படுக்கையாகக் கிடக்கும் ஒரு கிணறு.

மூன்றாவது வழி, நீரைக் கொண்டுசெல்லாமலே கணக்கில் மாற்றுவது. ஒரு பகுதியினர் ஆற்று நீரை விட்டுக்கொடுத்து அதற்குப் பதில் தங்கள் நிலத்தடி நீரைப் பயன்படுத்துவர். விட்டுக்கொடுத்த ஆற்று நீர் மற்றவருக்குப் போகும். இது செலவு குறைந்த வழி. ஆனால் நியாயமானதா என்பது அவரவர் இசைவைப் பொறுத்தது. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நினைவுகூர்வோம். தமிழ்நாட்டின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் கொள்ளலாம் என்று நீதிமன்றம் கருதியது. பெங்களூரின் குடிநீர்த் தேவையையும் சேர்த்துக் கர்நாடகத்துக்கு 14.75 டிஎம்சி கூட்டப்பட்டது. பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய அளவு 192இலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. ஒரு குழாய்கூடப் பதிக்காமல் நிலத்தடி நீர் மாநிலம் விட்டு மாநிலம் போன நிகழ்வு இது. பெங்களூரின் உழைக்கும் மக்களுக்குக் குடிநீர் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் டெல்டாவின் நிலத்தடி நீரும் காவிரி வருவதால் ஊறும் நீரே என்பதையும், அதை இறைக்கும் செலவு சிறு உழவரின் தலையில் விழுகிறது என்பதையும் எந்தக் கணக்கு ஏற்றுக்கொள்ளும்?

நான்காவது வழி, மழைக்காலத்தில் ஆற்றில் ஓடும் மிகுதியைப் பெறுகின்ற பகுதிக்குக் கொண்டுபோய், வறண்டு கிடக்கும் அதன் நிலத்தடியிலேயே சேமிப்பது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 1996இல் இதற்கென நீர்வங்கி ஆணையம் ஒன்றை நிறுவி, கொலராடோ ஆற்று நீரை நிலத்துக்குள் இறக்கி வைக்கிறது. நமக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை; ஏரியும் குளமும் வெட்டிய நம் முன்னோர் செய்ததும் இதுவே. இங்கு எடுக்கப்படுவது கிணற்று நீரன்று, வெள்ளப்பெருக்கு. கொடுக்கும் பக்கத்தின் ஊற்றுகளில் கை வைக்கப்படுவதில்லை.

சித்தூரில் இந்த வழிக்கு இடமுண்டு. 1970 மே 29இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் சித்தூர்ப்புழைக்கு விடப்பட வேண்டும். சென்னையில் காமராஜரும் திருவனந்தபுரத்தில் தோழர் இ.எம்.எஸ்.ஸும் முதலமைச்சர்களாக இருந்த காலத்தில் முளைத்த உடன்பாடு அது. மேற்கே ஓடிய நீர் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் வரை போனது அதனால்தான். அதே சித்தூர் வட்டாரம், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பல மதிப்பீடுகளில் 'மிகைப் பயன்பாடு' என்ற வகையில் இடம்பெற்றது. ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்கு ஆண்டு ஆழம் போகின்றன. மணக்கடவின் நீர் காலத்தில் வருமானால், மூலத்தறையிலிருந்து கிளம்பும் கால்வாய்கள் கிழக்கு எல்லை ஊராட்சிகளின் குளங்களை எட்டுமானால், புதிய குழாயோ சுரங்கமோ இன்றியே அங்கே நிலத்தடி நீர் உயரும். 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யலாம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. 1988இலேயே வந்திருக்க வேண்டிய அந்த மறுஆய்வைப் பேசுவதுதான் இரு மாநிலத் தோழர்களின் முதல் பணி.

மறையூருக்கும் இதே நியாயம் பொருந்தும். காவிரி நடுவர் மன்றம் 2007இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டிஎம்சியில் 3 டிஎம்சி பாம்பாற்றுப் படுகைக்கு உரியது. தன் படுகையிலேயே தனக்குரிய பங்கு இருக்க, அடுத்த படுகையின் ஊற்றை ஏன் தோண்ட வேண்டும்? வட்டவடை, காந்தல்லூர்ப் பகுதிகளில் கிராண்டிஸ் மரங்கள் ஊற்றுகளை உறிஞ்சுகின்றன என்பது உழவர்களின் நெடுநாள் முறையீடு. அந்த மரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்பது, மலைமுகட்டைத் துளைப்பதைவிட மலிவான நீர்த்திட்டம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நிலத்துக்குள் நீரை இறக்குவது எல்லா இடத்திலும் நன்மை தருவதன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நீரில் ஊறிய மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்து 70 உயிர்களைக் கொண்டுபோனது. செங்குத்துச் சரிவில் நீர்க்குழி வெட்டி மலையை மேலும் ஊறவைப்பது திட்டமாகாது. சமவெளியில் சேமி, சரிவில் வடியவிடு என்பதே இங்குள்ள விதி.

உபரி யாருக்குச் சொந்தம்?

வழியைத் தேர்ந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். நிலத்தடி நீர் யாருடையது? 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் அடியொற்றி, தன் நிலத்தின் கீழுள்ள நீரை இறைக்க நிலவுடைமையாளருக்கு உரிமை உண்டு என்ற கோட்பாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. நிலமில்லாதவருக்கு நீருமில்லை என்பது இதன் பொருள். தோட்டத்து லயத்தில் நான்கு தலைமுறையாக வாழ்பவருக்குக் காலடி நிலம் சொந்தமில்லை; எனவே அதன் கீழுள்ள நீரும் சொந்தமில்லை.

சித்தூர் வட்டத்தின் பிளாச்சிமடை இந்தக் கேள்வியை நாட்டின் முன் வைத்தது. கொக்கோ கோலா ஆலையின் நீர் உறிஞ்சலுக்கு எதிராக, தோழர்களும் அறிந்த பழங்குடிப் பெண் மயிலம்மா முதலானோர் எழுந்தனர். பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பர் 16இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் சொத்து, அரசு அதன் காப்பாளர் என்று தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. 2004 மார்ச்சிலேயே நின்ற ஆலை மீண்டும் இயங்கவில்லை. தீர்ப்புகள் முரண்பட்டன; மக்கள் முரண்படவில்லை.

கேரளத்தில் 2002ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 2003இல் இயற்றப்பட்ட சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. ஒரு பாறையின் வெடிப்பு எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. எல்லையின் ஒருபுறம் கட்டுப்பாடும் மறுபுறம் கட்டற்ற உரிமையும் இருந்தால், உபரி என்பது ஆழமாகத் துளைக்க வசதியுள்ளவருக்கே போகும். இந்நிலையில் பொதுப்பணத்தில் குழாய் பதித்து உபரியைக் கொண்டுசெல்வது, பணம் படைத்தவரின் கிணற்றுக்கு அரசே வாய்க்கால் வெட்டித் தருவதாக முடியும்.

நம் அளவுகோல்கள்

எனவே, இத்தகைய எந்தத் திட்டம் நம்முன் வந்தாலும் ஆறு கேள்விகளை எழுப்ப வேண்டும்.

முதலாவது: கொடுக்கும் பகுதியின் குடிநீர், சிறு வேளாண்மை, ஆற்றின் கோடை ஓட்டம் ஆகியவற்றை மாதவாரியாகக் கணக்கிட்ட பிறகுதான் உபரி அறிவிக்கப்பட்டதா, அல்லது ஆண்டுச் சராசரியில் அறிவிக்கப்பட்டதா?

இரண்டாவது: இரு மாநிலங்களும் சேர்ந்து அளந்தனவா? அளவுகள் ஊராட்சி அலுவலகப் பலகையில் மக்கள் பார்வைக்கு எழுதப்படுமா?

மூன்றாவது: பெறுகின்ற பகுதி தன் குளங்களைத் தூர்வாரி, கால்வாய்க் கசிவை அடைத்து, உள்ள ஒப்பந்த நீரை முழுமையாகப் பெற்ற பிறகும் தேவை நிற்கிறதா?

நான்காவது: வரும் நீர் முதலில் குடத்துக்கா, வயலுக்கா, ஆலைக்கா, விடுதிக்கா?

ஐந்தாவது: ஊற்று வற்றினால் அன்றே நிறுத்தத்தக்க ஏற்பாடா? சுரங்கத்தை ஒருமுறை வெட்டினால் மூடுவது அரிது. 1886 அக்டோபர் 29இல் 999 ஆண்டுகளுக்கு எழுதப்பட்ட பெரியாற்றுக் குத்தகையின் பின்விளைவுகளை இரு மாநிலங்களும் இன்னும் வழக்குமன்றங்களில் சுமக்கின்றன. அந்த அணை ஐந்து மாவட்ட உழவர்களின் உயிர்நாடி என்பதும், அதன் கீழே வாழ்வோரின் அச்சம் உண்மையானது என்பதும் இரண்டும் சேர்ந்தே உண்மை. இனி எழுதும் எந்த உடன்பாடும் ஒரு தலைமுறைக்குள் திருத்தத்தக்கதாக இருக்க வேண்டும்.

ஆறாவது: இழப்பு நேர்ந்தால் ஈடு யாருக்கு? பட்டா வைத்திருப்பவருக்கு மட்டுமா, ஊற்றை நம்பி வாழ்ந்த நிலமற்றவருக்குமா?

இந்த ஆறையும் நான்கு வழிகளின் மேல் வைத்துப் பார்த்தால் வரிசை தானே தெளியும். உள்ள ஒப்பந்தங்களை நிறைவேற்றுவதும் வெள்ளநீரைப் பெறும் பகுதியின் நிலத்தடியில் சேமிப்பதும் முதலில் வரும். இருதரப்பு இசைவோடும் இழப்பீட்டோடும் கூடிய நீர்ப் பரிமாற்றம் அடுத்து வரும். கிணறு தோண்டிக் குழாயில் அனுப்புவது கொடும் வறட்சியில் குடிநீருக்காக மட்டும், கால வரம்போடு. வெடிப்புப் பாறையில் சுரங்கம் கடைசி வழி. இந்த மலையில் அதை நாம் எதிர்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

தோழர்களே! சித்தூரின் உழவரும் உடுமலையின் உழவரும் ஒரே மொழி பேசுகிறார்கள்; ஒரே ஆனைமலையின் நீரைப் பருகுகிறார்கள். ஒருவரை ஒருவர் திருடர் என்று நம்பவைப்பதில் இரு பக்கத்து ஆளும் வர்க்க அரசியலுக்கும் ஆதாயம் உண்டு. நமக்கு இல்லை. கொழிஞ்சாம்பாறையிலும் பொள்ளாச்சியிலும் மறையூரிலும் உடுமலையிலும் உள்ள நம் விவசாயிகள் சங்கக் கிளைகள், வரும் கோடையிலேயே தங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து ஒரே படிவத்தில் எழுதத் தொடங்கலாம். அதற்குக் கயிறும் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் போதும். பன்னிரண்டு மாதங்களில், இரு மாநில அரசுகளின் மேசையிலும் வைக்கத்தக்க ஒரே கணக்கு நம் கையில் இருக்கும். உபரி உண்டா இல்லையா என்பதை அதன் பிறகு பேசுவோம். அளக்கும் கை உழைப்பவரின் கையாக இருக்கட்டும்.